ஸ்கூபா அட்டை எதற்குச் சாட்சி?

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "சரி, பார்க்கலாம்" என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன பிப்ரவரியில் அவளே ஒரு பயிற்சி நிலையத்தைக் கண்டுபிடித்து, விண்ணப்பத்தை டவுன்லோடு செய்து, பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருந்தாள்.

இப்படிப்பட்ட படிவங்களை நான் பொதுவாகப் படிப்பதில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டுவிடுவேன். இதை மட்டும் வரி விடாமல் படித்தேன். காரணம் இருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு தீவுக்குச் சுற்றுலா போயிருந்தோம். "நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்" என்று போர்டு வைத்திருந்தார்கள். நானும் இறங்கினேன். கரையில் பத்து நிமிட விளக்கம், முதுகில் சிலிண்டர், அவ்வளவுதான். ஐந்தாறு மீட்டர் ஆழம் இருக்கும். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. அதை எப்படி வெளியேற்றுவது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மேலே போகணும். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். கூட வந்த பையன் என் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தி, விடாமல் என் நெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தான். "மூச்சை விடு, மூச்சை விடு" என்று சைகை. நான் மூச்சு விட்ட பிறகுதான் மெதுவாக மேலே கொண்டு வந்தான்.

படகில் ஏறியதும் அவன் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். மூழ்கப்போகிறவனை மேலே விடாமல் பிடித்து வைப்பானா ஒருத்தன்? அவன் அன்று என் நுரையீரலைக் காப்பாற்றினான் என்பது இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இப்போது மகள் போகப்போவது அந்த மாதிரி பத்து நிமிட வேடிக்கை இல்லை, சான்றிதழ் கிடைக்கும் படிப்பு. ஆனால் அந்தச் சான்றிதழைத் தருவது யார்? அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? அட்டை கையில் வந்தால் அவளுக்கு என்ன தெரியும் என்று அர்த்தம்? இந்த மூன்று கேள்விகளோடு மூன்று வாரம் படித்ததன் குறிப்புகள் இவை.

முதலில், தண்ணீர் என்ன செய்கிறது

நம்மில் பலரும் "ஆக்சிஜன் சிலிண்டர்" என்றே சொல்கிறோம். ஆனால் சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது நாம் இப்போது மூச்சு விடுகிற அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. தண்ணீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேலே 1 என்றால் 10 மீட்டரில் 2, 18 மீட்டரில் 2.8, 40 மீட்டரில் 5. ரெகுலேட்டர் என்கிற கருவி, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கிறது. இல்லாவிட்டால் அந்த அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சை விரித்து மூச்சை இழுக்கவே முடியாது.

இதிலிருந்து மூன்று விளைவுகள்.

ஒன்று: பத்து மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் அதற்கு இடம் கொடுக்காது, கிழியும். கிழிந்த இடத்தில் காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்குப் பெரிய ஆழமே தேவையில்லை, நீச்சல் குளத்தின் ஆழம் போதும். அதனால்தான் எல்லா ஸ்கூபா பாடப்புத்தகங்களிலும் முதல் விதி "மூச்சைப் பிடிக்காதே". ஆனால் தண்ணீருக்குள் பயந்த மனுஷன் முதலில் செய்வதே மூச்சைப் பிடிப்பதுதான். நான் செய்ததும் அதுதான்.

இரண்டு: ஆழத்தில் காற்று வேகமாகத் தீரும். 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிக்கிற ஒருவருக்கு அது கரையில் 120 நிமிடம் வரும். 18 மீட்டரில் 43 நிமிடம்தான். அவசரத்துக்கென்று 50 பாரை ஒதுக்கினால் சுமார் 32 நிமிடம். பதற்றப்பட்டு மூச்சு வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு.

மூன்று: காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தில் உடம்புத் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழாக வெளியேறும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அட்டவணைகள் வந்தது இதற்காகத்தான்.

இந்த மூன்றில் எதுவும் நம் உள்ளுணர்வுக்குத் தெரியாது. உள்ளுணர்வு சொல்வது நேர் எதிர்: மூச்சைப் பிடி, வேகமாக மேலே ஓடு. ஸ்கூபா பயிற்சியின் பெரும் பகுதி இந்த உள்ளுணர்வை மாற்றி எழுதும் வேலைதான்.

கருவி முதலில் வந்தது, பள்ளிக்கூடம் பிறகு வந்தது

1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமீல் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து "அக்வாலங்" கருவியை உருவாக்கினார்கள். கான்யான் அப்போது ஏர் லிக்விட் என்ற வாயு நிறுவனத்தில் வேலை பார்த்தார். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக அவர் செய்திருந்த வால்வுதான் இதற்கு அடிப்படை. தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வாயுவை விடும் வால்வு. காரின் எஞ்சினுக்குப் பதில் மனிதனின் மூச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

போருக்குப் பிறகு அந்தக் கருவி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவில் முதலில் முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம். அங்கே கான்ராட் லிம்பாக் என்பவர் ஆராய்ச்சி மாணவர்களுக்காக 1950-களின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். 1954-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறையைச் சேர்ந்த ஆல் டில்மன், உயிர்காப்பாளர் பெவ் மார்கன், ராம்ஸி பார்க்ஸ் ஆகியோர் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து, பொதுமக்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கு ஸ்கூபா சான்றிதழ் கொடுக்கும் திட்டங்களில் முன்னோடி இதுதான். ஒரு உள்ளாட்சி அமைப்பின் பூங்காத் துறை!

லிம்பாக்கின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1960 மார்ச்சில் பிரான்சின் போர் மியூ என்ற இடத்தில், கடலுக்கு அடியில் ஓடும் ஒரு நிலத்தடி ஆற்றின் குகைக்குள் இறங்கினார். வழி தவறி, வெளியே வர முடியாமல் இறந்துபோனார். அமெரிக்காவுக்கே டைவிங் சொல்லிக்கொடுத்த மனிதர். இந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலாந்தில் வேறு வழி. 1953-இல் ஆஸ்கர் கூகன், பீட்டர் ஸ்மால் இருவரும் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைத் தொடங்கினார்கள். பெயரிலேயே கிளப். ஊருக்கு ஊர் கிளைகள், வேலை முடிந்த மாலை நேரத்தில் உள்ளூர் நீச்சல் குளத்தில் பயிற்சி, வார இறுதியில் கடல். மூத்த உறுப்பினர் சம்பளம் வாங்காமல் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார். 1959-இல் மொனாக்கோவில் பல நாட்டுக் கிளப்புகளும் கூட்டமைப்புகளும் சேர்ந்து சிமாஸ் என்ற உலகக் கூட்டமைப்பை உருவாக்கின. முதல் தலைவர் கூஸ்தோவேதான். ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் என்று அவர்கள் தரும் தகுதிகள் இன்றும் ஐரோப்பாவில் பரவலாக இருக்கின்றன.

அமெரிக்காவில் 1959-இல் ஒய்.எம்.சி.ஏ. நாடு தழுவிய பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1960-இல் ஆல் டில்மனும் நீல் ஹெஸ்ஸும் சேர்ந்து நாவி என்ற பயிற்றுநர் சங்கத்தை அமைத்தார்கள். முதல் பயிற்றுநர் பயிற்சி ஹூஸ்டனில் நடந்தது. நாவி இன்றுவரை லாப நோக்கம் இல்லாத அமைப்பு.

நாவியின் கவனம் கலிஃபோர்னியா பக்கமே இருக்கிறது என்று அமெரிக்காவின் நடுப்பகுதிக்காரர்களுக்குக் குறை. சிகாகோவில் நடக்க வேண்டிய பயிற்றுநர் பயிற்சி ஒன்று 1965-இல் ரத்தானது. அந்தப் பக்கத்துக்காரர்களான ஜான் க்ரோனின், ரால்ஃப் எரிக்சன் இருவரும் 1966-இல் தனியாகப் பிரிந்து பாடி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். க்ரோனின் டைவிங் கருவி விற்பனையாளர். எரிக்சன் நீச்சல் பயிற்றுநர். ஒரு பாட்டில் விஸ்கியும் முப்பது டாலரும்தான் முதலீடு என்று பாடியே தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. இன்று உலகின் மிகப் பெரிய டைவிங் பயிற்சி நிறுவனம் அதுதான். 1970-இல் எஸ்.எஸ்.ஐ. வந்தது.

ஒரு விற்பனையாளரும் ஒரு வாத்தியாரும் சேர்ந்து தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். பாடியின் பலம், பாடி மீதான விமர்சனம் இரண்டுமே இதில் இருக்கிறது.

பள்ளி ஒருவருடையது, பாடத்திட்டம் இன்னொருவருடையது

எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது இதுதான். "பாடி கோர்ஸ்" என்று போர்டு வைத்திருக்கும் கடை பாடியுடையது இல்லை. அது தனி வியாபாரம். அங்கே சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநரும் பாடியின் ஊழியர் இல்லை. வருடாவருடம் சந்தா கட்டும் உறுப்பினர். பாடி செய்வது பாடத்திட்டம் எழுதுவது, பாடப்பொருள் விற்பது, பயிற்றுநர்களுக்குத் தேர்வு நடத்துவது, அட்டை வழங்குவது. நம் ஊரில் பள்ளிக்கூடம் வேறு, பாடத்திட்ட வாரியம் வேறு என்று இருப்பதுபோல.

பெயரில் "பயிற்றுநர்களின் சங்கம்" என்று இருந்தாலும் பாடி ஒரு லாப நிறுவனம். முதலீட்டு நிறுவனங்கள் அதை வாங்கி விற்றிருக்கின்றன. எஸ்.எஸ்.ஐ. இப்போது டென்னிஸ் மட்டை செய்யும் ஹெட் குழுமத்திடம் இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோர்ஸ், ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு கட்டணம். பாடி என்ற சுருக்கத்துக்கு "இன்னொரு டாலரைப் போடு" என்று டைவர்கள் கிண்டலாக விரிவு சொல்வது இதனால்தான்.

கிண்டலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அந்த வடிவமைப்பு எனக்குப் பிடித்தது. பயிற்றுநராக விரும்புபவருக்குப் பயிற்சி தருபவர் ஒருவர். தேர்வு வைப்பவர் பாடி அனுப்பும் வேறொரு தேர்வாளர். மென்பொருள் எழுதியவனே அதைச் சோதித்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லக்கூடாது என்று நாங்கள் அலுவலகத்தில் சண்டை போடுகிறோமே, அதே விஷயம். படிப்பு முடித்த மாணவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, "இந்தத் திறனைச் செய்தீர்களா, எத்தனை முறை கடலில் இறங்கினீர்கள்" என்று கேட்கிறார்கள். விதியை மீறியவர்களின் உறுப்பினர் தகுதியை ரத்துசெய்யவும் செய்கிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டம் பயிற்றுநருக்கு மட்டும்தான். மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவரும் தேர்ச்சி சொல்பவரும் ஒரே ஆள். நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்டுக் காட்டுவதைப் பார்க்க ஒரு அதிகாரியாவது நிற்பார். இங்கே உங்கள் டிரைவிங் ஸ்கூல்காரரேதான் அந்த அதிகாரி.

நான்கு நாளில் என்ன சொல்லித் தருகிறார்கள்

உலகில் அதிகம் பேர் எடுக்கும் முதல் சான்றிதழ் பாடியின் "ஓப்பன் வாட்டர் டைவர்". வயது வரம்பு 10. மூன்று பகுதிகள்: படிப்பும் தேர்வும், குளத்திலோ அலையில்லாத ஆழமற்ற தண்ணீரிலோ ஐந்து பாடங்கள், திறந்த நீரில் நான்கு டைவ்கள். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், அல்லது மாஸ்க், ஃபின், ஸ்நார்க்கலோடு 300 மீட்டர். பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகத்துக்கு மார்க் இல்லை.

திறன்கள் என்னென்ன? மாஸ்க்கில் தண்ணீரை நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்றுவது. மாஸ்க்கை முழுவதும் கழற்றி மீண்டும் மாட்டுவது. வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துவிட்டு மறுபடி தேடிப் பிடிப்பது. காற்று தீர்ந்ததுபோல நடித்து, துணைவரின் உபரி ரெகுலேட்டரில் மூச்சு விட்டு மேலே வருவது. 6 முதல் 9 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில், "ஆ..." என்று காற்றை விட்டுக்கொண்டே மெதுவாக மேலே வருவது. மேலும் போகாமல் கீழும் போகாமல் அந்தரத்தில் நிற்பது.

படித்துக்கொண்டே வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தீவில் எனக்கு நேர்ந்தது இந்தப் பட்டியலின் முதல் வரி! மாஸ்க்கில் தண்ணீர். தலையைக் கொஞ்சம் தூக்கி, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதினால் போயிருக்கும். அரை நிமிட வேலை.

முடித்தால் 18 மீட்டர் வரை, துணைவரோடு, பயிற்றுநர் இல்லாமலே இறங்கலாம். அடுத்தது "அட்வான்ஸ்டு": ஐந்து டைவ்கள், 30 மீட்டர். பிறகு மீட்புப் பயிற்சி, டைவ்மாஸ்டர், பயிற்றுநர். பயிற்றுநர் தேர்வுக்குக் குறைந்தது 100 டைவ்கள் வேண்டும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர்.

பாடிக்கு இன்னொரு நல்ல பெயரும் உண்டு. ஆரம்பத்தில் எல்லோரும் பயன்படுத்தியது அமெரிக்கக் கடற்படையின் நைட்ரஜன் அட்டவணை. அது கடற்படை வீரர்களின் வேலைக்காகச் செய்யப்பட்டது. சுற்றுலா வந்தவர் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை இறங்குவார், இடையில் படகில் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை அது தேவைக்கு மேல் நீட்டியது. ரேமண்ட் ரோஜர்ஸ் என்பவர் பொழுதுபோக்கு டைவருக்கென்றே புது அட்டவணை வடிவமைத்தார். மனிதர்களை வைத்துச் சோதித்து, ரத்தத்தில் குமிழ் இருக்கிறதா என்று ஒலி அலை கொண்டு கேட்டுப் பார்த்து, 1988-இல் பாடி அதை வெளியிட்டது. 18 மீட்டரில் கடற்படை அட்டவணை 60 நிமிடம் தந்தது, இது 56 நிமிடம். முதல் டைவில் கொஞ்சம் கறார், அடுத்த டைவுக்கான காத்திருப்பில் கொஞ்சம் தாராளம். இப்போது அந்த வேலையைக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் செய்கிறது.

தரையா, கூரையா?

டைவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்று உண்டு: எந்த அமைப்பு உசத்தி? அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உருப்படியான கேள்வி ஒன்று இருக்கிறது.

பாடி பயிற்றுநர் தன் இஷ்டத்துக்குக் கூடுதல் திறன்களைத் தேர்ச்சிக்கு நிபந்தனையாக வைக்க முடியாது. பட்டியலில் உள்ளதை மாணவர் தடுமாறாமல், ஓரளவு சௌகரியமாக, மறுபடியும் செய்ய முடிகிற அளவில் செய்து காட்டினால் அட்டை கொடுத்தாக வேண்டும். நாவியில் அப்படி இல்லை. பட்டியல் என்பது தரை. அதற்கு மேல் உள்ளூர்க் கடலுக்குத் தேவையானதைப் பயிற்றுநர் சேர்க்கலாம், அதைத் தேர்ச்சிக்கும் நிபந்தனையாக்கலாம். அவர்களிடம் இன்னொரு அளவுகோலும் உண்டு. பயிற்றுநர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: என் பிரியத்துக்குரிய ஒருவரை இந்த மாணவரோடு கடலுக்குள் அனுப்புவேனா?

முதல் வழியில் நியாயம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே அளவு. பயிற்றுநரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ஆனால் தரையே கூரையாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது, அதுவும் போட்டியில் விலை குறையும்போது. இரண்டாவது வழி நல்ல பயிற்றுநரிடம் பிரமாதமாக வேலை செய்யும். மோசமான பயிற்றுநரிடம்? அவர் பிரியமானவர்களைப் பற்றி எவ்வளவு கவலைப்படுவார் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு கோடியில் ஜி.யு.இ. 1998-இல் ஃப்ளோரிடாவில் குகை டைவர் ஜாரட் ஜப்லான்ஸ்கி தொடங்கியது. அவர்களின் சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதி. தொடர்ந்து டைவ் செய்ததற்குச் சான்று காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். பாடி அட்டையோ ஆயுளுக்கும் செல்லும். இருபது வருடம் தண்ணீரையே பார்க்காதவரும் அதை நீட்டலாம். பல கடைகள் "கடைசியாக எப்போது இறங்கினீர்கள்?" என்று கேட்டுப் புத்தாக்கப் பயிற்சி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, அதிகாரம் கொடுத்தது யார்?

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான இடங்களில் யாரும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்கு டைவருக்கு மத்திய அரசு உரிமம் எதுவும் கிடையாது. அட்டை இல்லாமல் டைவ் செய்வது குற்றமில்லை. ஆனால் அட்டை இல்லாமல் யாரும் உங்களுக்குச் சிலிண்டர் நிரப்பித் தரமாட்டார்கள், படகில் ஏற்றமாட்டார்கள். காரணம் காப்பீடும் வழக்குப் பயமும். சட்டம் வருவதற்கு முன் நாமே ஒழுங்காக இருந்துவிடுவோம் என்று தொழில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி இது. 1985-இல் அமெரிக்க அமைப்புகள் பல சேர்ந்து பொதுவான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க ஒரு கவுன்சில் அமைத்தன.

பிறகு பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. வந்தது. 24801 என்ற எண்ணில் மூன்று நிலைகள்: கண்காணிப்பில் மட்டும் இறங்கும் டைவர், துணைவரோடு தானே இறங்கும் டைவர், மற்றவர்களை வழிநடத்தும் டைவர். பாடியின் ஓப்பன் வாட்டர் இரண்டாவது நிலைக்கு ஒத்தது. அதனால் சண்டை எதுவானாலும், ஒரு அமைப்பின் அட்டையை இன்னொரு அமைப்பின் கடை ஏற்றுக்கொள்கிறது.

சில நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. பிரான்சில் விளையாட்டுச் சட்டத்தொகுப்பு எந்தத் தகுதிக்கு எவ்வளவு ஆழம், யார் கூட இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இஸ்ரேலில் 1979 முதல் பொழுதுபோக்கு டைவிங்குக்குத் தனிச் சட்டம். மாலத்தீவில் 30 மீட்டருக்குக் கீழே போவது விதிக்கு விரோதம், உங்கள் அட்டையில் 40 என்று இருந்தாலும்.

அட்டை உதவாத இடம்

இப்போது லிம்பாக்கிடம் திரும்பி வருகிறேன்.

1960-களிலும் 70-களிலும் ஃப்ளோரிடாவின் நீரூற்றுக் குகைகளில் நிறையப் பேர் இறந்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் அந்த விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன நடந்தது என்று அலசி, 1979-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் பிறகு உட்கார்ந்து காரணம் எழுதுவோமே, அந்த மாதிரி. திரும்பத் திரும்ப வந்தவை சில காரணங்கள்தான்: வெளியே வரை நீளும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, திரும்பி வரப் போதுமான காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மீறிய ஆழம். மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போ, ஒரு பங்கில் திரும்பு, ஒரு பங்கைத் தொடாதே என்ற விதி குகை டைவிங்கின் ஆத்திசூடி ஆனது.

இறந்தவர்களில் பயிற்றுநர்களும் இருந்தார்கள். திறந்த நீரில் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். திறந்த நீரில் எந்தச் சிக்கல் என்றாலும் கடைசி வழி ஒன்று உண்டு: மேலே. குகையில் அது பாறை. அவர்கள் கற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அனுமானம் அங்கே செல்லாது. இன்று பல குகை வாயில்களில் தண்ணீருக்கு அடியில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, எமன் படத்தோடு. திறந்த நீர்ப் பயிற்றுநர்களும் இங்கே செத்திருக்கிறார்கள், இதற்கு மேல் போகாதே என்ற பொருளில். எக்ஸ்லியும் 1994-இல் மெக்சிகோவின் சக்காத்தோன் என்ற ஆழ்குழியில் சாதனை முயற்சி ஒன்றில் இறந்தார்.

எனக்கு இதில் கிடைத்த பாடம்: அட்டை ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. "இந்த மாதிரித் தண்ணீரில், இந்த ஆழத்தில், இந்த நிலைமைகளில்" என்ற நிபந்தனையோடு சேர்த்துத்தான் சொல்கிறது. நிபந்தனை மாறினால் சாட்சியும் செல்லாது.

எதனால் இறக்கிறார்கள்?

டான் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பு 1980-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் ஆராய்ச்சியாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 மரணங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விபத்து எதில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம், காற்று தீர்ந்துபோனது. 20 சதவீதம், வலையிலோ குகையிலோ சிக்கிக்கொண்டது. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். காரணம் தெரிந்த சாவுகளில் கால் பங்குக்கு இதயம் காரணம்.

நான் எதிர்பார்த்தது சுறா, அல்லது கருவி பழுது. முதலிடத்தில் இருப்பதோ மீட்டரைப் பார்க்காதது! முதல் நாளே சொல்லித் தரும் பாடம். சொல்லிக்கொடுத்தது தெரியாமல் போனதால் அல்ல. தெரிந்த ஒன்றைச் செய்யாததால்.

இதயம் என்ற வார்த்தையும் என்னைத் தொட்டது. விண்ணப்பத்தோடு ஒரு மருத்துவக் கேள்வித்தாள் வரும். அதில் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிக் கட்டம்: புகை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். எனக்கு 46. கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறேன். "இல்லை" என்று டிக் அடித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் டாக்டரிடம் போனேன். டிரெட்மில்லில் ஓடவிட்டார்.

"உங்களுக்கு எதற்கு டெஸ்ட், படிக்கப் போறது பொண்ணுதானே?" என்று கேட்பீர்கள்.

12 முதல் 14 வயது வரை கொடுப்பது ஜூனியர் அட்டை. அதை வைத்துக்கொண்டு தனியாகவோ சம வயதுத் தோழியோடோ இறங்க முடியாது. சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவர் கூடவே இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவிக்குக் காதில் பழைய ஆபரேஷன், அவள் இறங்கக்கூடாது. மிச்சம் நான்தான். அதாவது, என் மகளுக்குக் காற்று தீர்ந்தால் உபரி ரெகுலேட்டரை நீட்ட வேண்டிய கை, நான்கு வருடம் முன்னால் ஆறு மீட்டரில் மாஸ்க்கில் தண்ணீர் வந்ததற்கே ஓடப் பார்த்த ஆளின் கை.

அதனால் பயிற்சி நிலையத்துக்கு நேரில் போனேன். எந்த அமைப்பு என்று கேட்கவில்லை. மூன்று வாரப் படிப்பில் அந்தக் கேள்வி எனக்குச் சின்னதாகிவிட்டது. வேறு நான்கு கேள்விகள் கேட்டேன். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? குளத்தில் ஒரு திறன் வரவில்லை என்றால் கூடுதல் நாள் உண்டா, அதற்குத் தனிக் காசா? கடல் சரியில்லை என்றால் யார் முடிவெடுப்பார், பணம் திரும்புமா? கடைசியாக யாரைத் தேர்ச்சி இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்?

நான்காவது கேள்விக்குப் பயிற்றுநர் அம்மா கொஞ்சம் யோசித்தார். "போன மாசம். ஒரு அப்பா. நல்லா நீந்துவார். மாஸ்க்கைக் கழட்டச் சொன்னா ஒவ்வொரு தடவையும் மேலே ஓடிருவார். மறுபடி வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

அந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. என் தீவுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப முதல் நாள் மாஸ்க்லயே ஆரம்பிப்போம். உங்க பொண்ணுக்கு முன்னாடி உங்களுக்கு," என்றார்.

இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் குளம். வீட்டில் வாளியில் தண்ணீர் நிரப்பி, முகத்தை உள்ளே வைத்து, ஸ்நார்க்கல் வழியாக வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், மாஸ்க் இல்லாமல். மகள் பக்கத்தில் போனில் நேரம் பார்க்கிறாள். நேற்று இரண்டு நிமிடம்.